விலையின் பதற்றத்தை அளந்த லூயி பாஷலியே

பிரான்சு நாட்டின் ல ஆவர் துறைமுகத்தில் 1870-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் பிறந்தார் லூயி பாஷலியே. தந்தையார் மது வணிகர். தாயார் வங்கியாளர் ஒருவரின் மகள். பாரிசுக்குப் படிக்கப் போக வேண்டிய வேளையில், 1889-இல், பெற்றோர் இருவரும் மறைந்தனர். கடையும், சகோதரியும், மூன்று வயதுத் தம்பியும் அந்தப் பத்தொன்பது வயது இளைஞரின் பொறுப்பாயினர். பின்னர் படைப்பணி. நம்மில் பலர் முதுகலை வகுப்பில் அமர்ந்திருக்கும் வயதில், 1892-இல்தான், அவர் சார்போனுக்கு வந்து சேர்ந்தார்.

1900 மார்ச் 29 அன்று டாக்டர் பட்டத்துக்காக அவர் வைத்த ஆய்வின் பெயர் ஊக வாணிபக் கோட்பாடு. பாரிசுச் சந்தையில் அரசுக் கடன் பத்திரங்களின் மீது ஆப்ஷன்கள் விற்கப்பட்டன. குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை உண்டு, கடமை இல்லை. அந்த உரிமைக்குக் கொடுக்கும் பணம் பிரீமியம். அதற்கு என்ன விலை தகும்?

ஏற்றமா இறக்கமா என்னும் கேள்வியை ஒதுக்கிவிட்டு, விலை எவ்வளவு அசையும் என்பதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அசைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளரும் என்று காட்டினார். நான்கு மடங்கு காலத்துக்கு இரு மடங்கு பிரீமியம். இதை இன்று எக்செல் தாளில் மூன்று பத்திகளில் செய்து பார்க்கலாம். முதற்பத்தியில் நாட்கள், அடுத்ததில் பிரீமியம். மூன்றாவதில், பிரீமியத்தை நாட்களின் வர்க்கமூலத்தாலும் 0.4-ஆலும் வகுக்க. இன்றைய விலையிலேயே வாங்கும் உரிமைக்கு 9 நாட்களுக்கு 6 ரூபாய் என்றால், விடை 5. அதாவது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 ரூபாய் அசைவைச் சந்தை எதிர்பார்க்கிறது. பிரீமியத்திலிருந்து பின்னோக்கிப் பெறும் இந்த எண்ணைத்தான், ஆண்டுச் சதவீதமாக மாற்றி, இன்று ஐ.வி. என்கிறோம். பாஷலியே அதைப் பத்திரத்தின் பதற்றம் என்றே அழைத்தார்! வேறு உரிமை விலைகளுக்கு வாய்பாடு இத்தனை எளிதன்று. கோல் சீக் கட்டளையைக் கொண்டு, கணக்கு விலை சந்தை விலையோடு பொருந்தும்வரை தேட வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ஊக வணிகரின் கணித எதிர்பார்ப்பு சுழி. விடுதி அறைகளில் இரவெல்லாம் தாள் நிரப்பும் நண்பர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாள் சந்தையின் பதற்றத்தைச் சொல்லும், இலாபத்தைச் சொல்லாது. 2021-22 முதல் 2023-24 வரை இவ்வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர் என்று செபி 2024-இல் கணக்கிட்டது.

ஆய்வைப் பார்வையிட்ட புவான்காரே முறையைப் பாராட்டினார். ஆனால் பொருள் கணிதருக்குப் புதிது. முதல் தரம் கிட்டவில்லை. சில ஆண்டுகள் ஊதியமின்றிச் சார்போனில் விரிவுரை, பிறகு உலகப் போரில் சாதாரணச் சிப்பாய். போருக்குப் பின் பெசான்சோன், திழோன், ரென் என ஊர் ஊராகத் தற்காலிக வேலை. 1926-இல் திழோனில் நிரந்தரப் பதவி கேட்டபோது, பால் லெவி என்னும் பெருங்கணிதர் அவருடைய கட்டுரை ஒன்றில் பிழை உண்டு என்று எழுதிக் கொடுக்க, பதவி கைநழுவியது. லெவி முழுவதையும் படிக்கவில்லை! 1931-இல் கொல்மகோரவ் பாஷலியேயை மேற்கோளாக எடுத்தாண்டதைக் கண்ட பிறகே அவர் உண்மை உணர்ந்து வருத்தம் தெரிவித்தார். ஐம்பத்தேழு வயதில் பெசான்சோனில் பேராசிரியரான பாஷலியே 1937-இல் ஓய்வு பெற்று, 1946-இல் காலமானார்.

1950-களின் நடுவில் சாவேஜ் என்னும் அமெரிக்கப் புள்ளியியலார், இவரைத் தெரியுமா என்று பொருளியல் அறிஞர்களுக்கு அஞ்சலட்டை விடுத்தார். சாமுவெல்சன் ஆய்வைத் தேடிப் படித்தார். அவர் கண்ட குறை ஒன்று: பாஷலியேயின் கணக்கில் விலை சுழிக்கும் கீழே போகலாம். 1973-இல் வந்த பிளாக், ஷோல்ஸ் வாய்பாட்டில் அந்தக் குறை இல்லை. ஆனால் 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை உண்மையாகவே சுழிக்குக் கீழே, பீப்பாய்க்கு 37 டாலருக்கும் மேல், இறங்கியது. இரண்டு நாட்களில் அங்குள்ள சந்தை நிறுவனம் எண்ணெய் ஆப்ஷன்களுக்குப் பாஷலியேயின் வாய்பாட்டுக்கு மாறியது.