மலைப் பனைக்கு ஸ்காட்லாந்து டாக்டர் பெயர் வந்தது எப்படி? குற்றாலத்தில் செடி தேடிய ராபர்ட் வைட்டின் கதை

சாரல் சீசனில் குற்றாலம் போனவர்கள் கவனித்திருப்பீங்க. மலைச்சரிவில் பனை மாதிரியும் கமுகு மாதிரியும் ஏதோ ஒரு மரம் நிற்கும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் பாக்கு மரம் என்பார். இன்னொருவர் காட்டுத் தென்னை என்பார். இரண்டுமே தப்பாக இருக்கலாம். கிட்டத்தட்ட 190 வருஷத்துக்கு முன்பு இதே மலையில் இந்தக் குழப்பத்தோடு அலைந்தவர் ஒரு ராணுவ டாக்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வளரும் ஒரு பனை இனத்துக்கு இன்று அவர் பெயர்தான் இருக்கிறது: அரெங்கா வைட்டியை.

யார் இந்த ராபர்ட் வைட்?

1796 ஜூலை 6-ல் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தவர். வீட்டில் 14 பிள்ளைகள், இவர் 12-வது. எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் டாக்டருக்குப் படித்தால் தாவரவியலும் கட்டாயம் படிக்கணும், ஏன்னா மருந்து முக்கால்வாசி செடியில் இருந்துதானே வந்தது. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்து இறங்கினார்.

வந்த இடத்தில் ஓய்வு கிடைத்த போதெல்லாம் செடி சேகரித்தார். 1823-ல் எடின்பரோ பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பிய முதல் தொகுப்பு, நன்னம்பிக்கை முனை அருகே கப்பலோடு மூழ்கிப்போனது. 1826-ல் மெட்ராஸ் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே வருஷம்தான். 1828-ல் கவர்னர் லஷிங்டன் செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். சேர்த்து வைத்த செடிகள் லண்டனுக்குப் போய்விட்டன. வைட் மறுபடியும் டாக்டர் வேலைக்கு, இந்த முறை நாகப்பட்டினத்துக்கு.

வேற யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் சொந்தச் செலவில் தொடர்ந்தார். 1831-ல் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போகும்போது கூடவே கொண்டுபோனது சுமார் ஒரு லட்சம் உலர்ந்த மாதிரிகள். எடை 2 டன்! அதை வைத்து நண்பர் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய ஒரு பெரிய நூலின் முதல் தொகுதியை 1834-ல் வெளியிட்டார்.

குற்றாலத்துக்கு ஏன் வந்தார்?

அதே 1834-ல் இந்தியா திரும்பியவருக்குப் பெல்லாரியில் ஒரு படைப்பிரிவில் வேலை. அந்தப் படை பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட, டாக்டரும் கூடவே வந்தார். பாளையங்கோட்டையில் இருந்து குற்றாலம் சுமார் 60 கிலோமீட்டர். கோடையில் வெள்ளைக்கார அதிகாரிகள் குளிர்ச்சிக்காகப் போய்த் தங்கிய இடம் அது. கம்பெனி ஜாதிக்காய், கிராம்பு வளர்த்துப் பார்த்த தோட்டமும் அங்கே இருந்தது.

வைட்டுக்கு அங்கே கிடைத்தது வேறு புதையல். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற சமவெளிகள் காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகக் குற்றாலத்துக்கு வந்துவிடும். அடிவாரத்தில் முள்காடு, கொஞ்சம் ஏறினால் மழைக்காடு. ஒரே நாள் நடையில் இரண்டு உலகத்துச் செடிகளையும் பார்த்துவிடலாம். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலை வளத்தைப் பட்டியல் போடுவதைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. குற்றாலத் தாவரங்கள் பற்றி வைட் மெட்ராஸில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். பிற்பாடு அவர் வெளியிட்ட நூல்களிலும், செடி கிடைத்த இடம் என்று குற்றாலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

பனையை அடையாளம் காண்பதில் அப்படி என்ன சிக்கல்?

ஒரு செடியைப் பதிவு செய்யணும்னா பூவோடும் இலையோடும் பறித்து, அழுத்திக் காயவைத்து, செய்தித்தாள் பக்கம் அளவுள்ள தாளில் ஒட்ட வேண்டும். தும்பைச் செடிக்கு இது சரி. பல மீட்டர் நீள மட்டையும், தூக்கவே முடியாத குலையும் உள்ள பனையை எந்தத் தாளில் ஒட்டுவது? துண்டு துண்டாக வெட்டினால் முழு மரம் எப்படி இருந்தது என்பது போய்விடும். அதனாலேயே பல சேகரிப்பாளர்கள் பனை பக்கம் போவதில்லை. இன்றைக்கும் இதே கதைதான்.

நம்ம பக்க மலையில் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால், முதலில் ஓலையைப் பாருங்கள். விசிறி போல் விரிந்திருந்தால் சமவெளிப் பனை அல்லது தாளிப்பனை. இறகு போல் இரண்டு பக்கமும் பிரிந்து, அடிப்பகுதி இலைகள் முள்ளாக மாறியிருந்தால் ஈச்சை. ஓலை ஒரு தடவை பிரிந்து, மறுபடியும் பிரிந்து, மீன் துடுப்பு மாதிரித் தொங்கினால் கூந்தப்பனை. கோயில் கொடை, கல்யாணப் பந்தலில் இதன் குலையைக் கட்டித் தொங்கவிடுவதைத் தெற்கத்திக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பாக்கு மரம் போலவே, ஆனால் மெலிந்த தண்டுகள் புதராகச் சேர்ந்து நிழலில் நின்றால் அது பினாங்கா டிக்சோனி என்ற காட்டுக் கமுகு. ஏறும் முள்கொடியான பிரம்பும் பனைக் குடும்பம்தான் என்றால் பலர் நம்புவதில்லை.

வைட் பெயர் கொண்ட ஆலம்பனைக்கு ஓலை ஒரே தடவைதான் பிரியும். இலை நுனி யாரோ கடித்துத் துப்பிய மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி வெளுப்பு. தண்டைச் சுற்றிக் கறுப்பு நார். கூந்தப்பனைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி: இரண்டின் பழச் சதையும் தோலில் பட்டால் அரிக்கும், இரண்டும் வளர்ந்து முடிந்ததும் உச்சியில் இருந்து கீழ்நோக்கிப் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். 1845-ல் இதற்கு வைட் பெயரைச் சூட்டியவர் வில்லியம் கிரிஃபித். அவரும் மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்த டாக்டர்தான். அதே ஆண்டு மலாக்காவில் இறந்துபோனார், வயது 34.

இன்னொரு மலைப் பனையின் பெயரில் அரசியலே இருக்கிறது. செங்குத்துப் பாறையில் ஒல்லியாக நிற்கும் வரைக்கமுகின் அறிவியல் பெயர் பெண்டிங்கியா கொண்டபன்னா. பின்பாதியில் நம்ம பனை இருக்கிறது. முன்பாதி பெண்டிங்க் பிரபு. 1806 வேலூர்ப் புரட்சியால் மெட்ராஸ் கவர்னர் பதவியை இழந்து, பிறகு கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தாரே, அவரேதான். இந்த மரத்தின் குருத்து யானைக்கு அவ்வளவு பிடிக்கும். யானை ஏற முடியாத பாறையில்தான் பெரும்பாலும் மிஞ்சி நிற்கிறது.

ரங்கையா, கோவிந்து யார்?

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். தாளில் ஒட்ட முடியாததைக் காட்ட ஒரே வழி படம். ஐரோப்பாவில் அச்சான வண்ணப்பட நூல்கள் அன்று பணக்காரர்களின் அலமாரிக்குத்தான் போகும். காட்டில் நிற்கும் ஒரு சர்ஜனுக்கோ தாசில்தாருக்கோ அது கிடைக்காது. அதனால் வைட் மெட்ராஸிலேயே கல்லச்சில் படங்களை அச்சடித்து, குறைந்த விலையில் கொடுக்க நினைத்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகள், 2,101 படங்கள்.

அதை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். 1845 வரை ரங்கையா, அதன் பிறகு கோவிந்து. பூவைப் பிளந்து, மகரந்தப்பையையும் சூலையும் பெரிதாக்கி, அளவு மாறாமல் வரைந்திருக்கிறார்கள். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட் கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அதை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. கவர்னர் பெயர் பனையில் நிலைத்திருக்கிறது, ஓவியர் பெயர் உதிர்ந்துவிட்டது. இவர்கள் எங்கே பிறந்தார்கள், முகம் எப்படி என்பதற்கெல்லாம் பதிவு கிடையாது. மலையேறிச் செடி பறித்துக் கொடுத்த ஆட்களின் நிலை அதைவிட மோசம். 2007-ல் எடின்பரோ தாவரவியல் பூங்கா வெளியிட்ட ஹென்றி நோல்ட்டியின் நூல்தான் இந்த இரண்டு ஓவியர்களின் பெயரையும் தலைப்பிலேயே வைத்தது.

கடைசிக் காலம்

1842 முதல் வைட்டுக்குக் கோயம்புத்தூர் பக்கம் வேலை. அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்கும் கம்பெனியின் திட்டம் அது. வருஷக்கணக்கில் உழைத்தும் எதிர்பார்த்த பலன் இல்லை. 1853-ல் ஊர் திரும்பி, இங்கிலாந்தின் ரெடிங் அருகே விவசாயம் பார்த்தார். தன் உலர்செடித் தொகுப்பை கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு, 1872 மே 26-ல் காலமானார்.

கியூவும் எடின்பரோவும் இப்போது தங்கள் உலர்செடித் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கின்றன. போனிலேயே தேடிப் பார்க்கலாம். வைட் பெயரைப் போட்டுத் தேடினால், பழுப்பேறிய தாளில் காய்ந்த இலையோடு குற்றாலத்தின் பெயரும் வந்து நிற்கும்.