பால் மரமும் பெட்ரோலும்: துன் சம்பந்தனின் வாழ்வு சொல்லும் பாடம்

துன் வீ.தி. சம்பந்தன் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? நாட்டின் சுதந்திரத்துக்காக உழைத்த இந்தியத் தலைவர், ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவர், தலைநகர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலைக்குப் பெயரானவர். பள்ளிப் பாடநூலில் நாம் படித்தது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால், அவருடைய வாழ்க்கையைப் பெட்ரோல் நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டும் படிக்கலாம் என்பது என் எண்ணம். விந்தையாகத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுமையுடன் என்னோடு வாருங்கள், நண்பர்களே.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். துன் சம்பந்தனின் சொந்த ஊரும் அதுவே. எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றும் அவரைத் 'துன்' என்று மட்டுமே குறிப்பிடுவார்கள். எத்தனையோ துன்கள் நாட்டில் இருந்தாலும், அவர்களுக்குத் துன் என்றால் அவர் ஒருவர்தான்.

ரப்பர் பிறந்த காலம்

அவருடைய தந்தையார் வீராசாமி அவர்கள் 1896-இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அதே 1896-இல்தான் மலாக்காவில் டான் சே யான் என்பவர் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை நட்டார். ரப்பரின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று அன்று எவராலும் கணித்திருக்க முடியாது. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவு விலைக் கார் வெளிவந்தது. காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-இல் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கையும் தாண்டியது. நம் முன்னோர் கப்பல் கப்பலாக இங்கு வந்து இறங்கியதற்கு இந்த விலையே முக்கியக் காரணம். அதே 1910-இல் சரவாக்கின் மிரியில் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

ஆகவே, ரப்பரும் பெட்ரோலும் ஒரே காரின் இரு தேவைகளாக ஒன்றாகவே வளர்ந்தவை. பெட்ரோல் மலிவாகக் கிடைத்ததால் கார்கள் பெருகின. கார்கள் பெருகியதால் பேராக் மாநிலத்தின் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. அந்த அலையில் உழைத்து முன்னேறி, சுங்கை சிப்புட்டில் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர் வீராசாமி. அவருடைய மகனாக 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சம்பந்தன் பிறந்தார்.

கோலகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் கல்வி கற்றார். 1877-இல் நடப்பட்ட, நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களுள் ஒன்று நிற்பதும் கோலகங்சாரிலேதான். பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கிருந்த காலத்தில் இந்திய விடுதலைப் போராட்டத்தின் காற்று அவர்மீதும் வீசியது. காந்தியச் சிந்தனையில் அவர் கொண்ட பற்று கடைசிவரை மாறவில்லை.

போர் கொண்டுவந்த போட்டியாளன்

அவர் தமிழகத்தில் இருந்த காலத்திலேயே மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. 1942-க்குப் பிறகு நேச நாடுகளுக்குப் போதிய ரப்பர் கிடைக்கவில்லை. ரப்பர் இல்லாமல் போர் வண்டியும் ஓடாது, விமானமும் பறக்காது. எனவே அமெரிக்கா பெரும் பணம் செலவிட்டுச் செயற்கை ரப்பரைப் பேரளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் முக்கிய மூலப்பொருள்கள் பியூட்டடையீன், ஸ்டைரீன் என்னும் இரு வேதிப்பொருள்கள். இவை பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படுபவை. போர் முடியும்போது ஆண்டுக்கு 7 இலட்சம் டன்னுக்கும் மேல் அமெரிக்காவால் தயாரிக்க முடிந்தது.

இதன் பொருள் என்ன? அதுவரை ரப்பருக்குத் துணையாக இருந்த எண்ணெய், இனி அதன் போட்டியாளனாகவும் ஆகிவிட்டது. எண்ணெய் மலிவாக இருக்கும்வரை செயற்கை ரப்பரும் மலிவு. செயற்கை ரப்பர் மலிவாக இருக்கும்வரை நம் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் ஏறாது. அரபு நாட்டுப் பாலைவனத்தில் எண்ணெய் எடுக்கும் செலவுக்கும், விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று மரம் வெட்டப் போன நம் பாட்டியின் கூலிக்கும் இப்படித்தான் முடிச்சு விழுந்தது.

தலைவரும் அமைச்சரும்

போர் முடிந்தபின் நாடு திரும்பிய சம்பந்தன் கண்டது அமைதியற்ற மண். 1948 ஜூன் 16-இல், அவருடைய 29-ஆவது பிறந்தநாளன்று, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமானது. தோட்டப்புறங்கள் முள்வேலிக்குள் வந்தன. இந்தச் சூழலில் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியே முதல் தேவை என்றுணர்ந்து, 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை அவர் தோற்றுவித்தார். அந்தப் பள்ளியில் படித்து வெளிவந்து, நம் பல்கலைக்கழகங்களில் கால்பதித்தவர்கள் பலர்.

1955-இல் ம.இ.கா.வின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு தொழிலாளர் அமைச்சர், பிறகு சுகாதார அமைச்சர், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர் என அவர் வகித்த பொறுப்புகள் பல. பொதுப்பணி என்றால் சாலைகளும் பாலங்களும் அல்லவா? புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்குச் சாலை உயிர்நாடி. மழையில் சேறாகும் மண்சாலையில் நோயாளியைச் சுமந்து சென்ற மக்களுக்குத் தார்ச்சாலை ஒரு வரப்பிரசாதம். அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. எனினும், உலகின் மற்ற நாடுகளைப் போலவே மலேசியாவும் அந்தக் காலத்தில்தான் பெட்ரோலை நம்பி வாழும் நாடாக உருவெடுத்தது என்பதையும் மறுக்க முடியாது. ரயில் தடத்தைவிடச் சாலைக்கும், பேருந்தைவிடச் சொந்த வாகனத்துக்கும் நாடு மெல்ல மெல்லச் சாய்ந்தது.

பத்து வெள்ளிப் புரட்சி

துன் அவர்களின் பெயரைக் காலத்தால் அழியாமல் நிற்கச் செய்தது அமைச்சர் பதவியன்று. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே ஆகும்.

1950களிலிருந்து ஆங்கிலேய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை. கோயிலும் பள்ளியும் மருந்தகமும் யார் பொறுப்பு என்று தெரியாமல் அநாதையாயின. நாட்டின் அரசியல் நிலையற்றிருந்ததும், ரப்பரின் எதிர்காலத்தைப் பற்றிய ஐயமும் விற்றவர்களின் கணக்கில் இருந்தன. அந்த ஐயத்துக்கு எண்ணெயிலிருந்து பிறந்த செயற்கை ரப்பரும் ஒரு காரணம். 1960களின் தொடக்கத்தில் உலகப் பயன்பாட்டில் அது இயற்கை ரப்பரை மிஞ்சியது. 1960-இல் ராத்தலுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் இருந்த ரப்பர் விலை, அப்பத்தாண்டின் இறுதியில் ஏறக்குறையப் பாதியானது.

இந்நிலையில் 1960-இல் துன் அவர்கள் கண்ட வழி எளிமையானது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துப் பங்குதாரர்களாகட்டும். சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுதாக வாங்குவோம். துண்டாட விடமாட்டோம் என்பதே அது. தம் துணைவியார் உமாசுந்தரி அவர்களோடு தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் இதை விளக்கினார். பத்து வெள்ளி அன்று சாதாரணப் பணமன்று. பல நாள் உழைப்பு அது. ஆனாலும் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தாயிற்று. தொடர்ந்து பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாக இருந்தவன் தன் தோட்டத்துக்குத் தானே பங்காளியானான்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடிந்ததா என்றால் இல்லைதான். விற்கப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால் வாங்கியது சிறு பகுதியே. ஆயினும், உலகச் சந்தையை எதிர்த்து ஒரு தொழிலாளி தனியாக எதுவும் செய்ய முடியாது, ஆயிரம் பேர் சேர்ந்தால் ஏதாவது செய்ய முடியும் என்பதை அது நிரூபித்துக் காட்டியது.

இரு எண்ணெய் நெருக்கடிகள்

1973 ஜூன் இறுதியில் துன் அவர்கள் ம.இ.கா. தலைமையிலிருந்து விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் ஒன்று சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. செயற்கை ரப்பரின் அடக்கவிலை ஏறியதால் இயற்கை ரப்பருக்கும் நல்ல விலை கிடைத்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெட்ரோல் விலையேற்றத்தால் உலகப் பொருளாதாரம் தளர்ந்து, கார் விற்பனை சரிந்து, 1974 இறுதியில் ரப்பர் விலை மீண்டும் வீழ்ந்தது. விலைவாசி மட்டும் இறங்கவில்லை. அந்த நவம்பரில் கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் வீதியில் இறங்கினார்கள். எண்ணெய் மலிந்தாலும் நமக்கு அடி, ஏறினாலும் அடி என்ற நிலையை அந்த ஓராண்டே காட்டிவிட்டது.

அதே 1974 ஆகஸ்டில் பெட்ரோனாஸ் தோற்றுவிக்கப்பட்டது. ரப்பரையும் ஈயத்தையும் நம்பியிருந்த நாடு, எண்ணெயை நம்பத் தொடங்கியது.

அமைச்சர் பொறுப்பு 1974-இல் முடிந்தபின் துன் அவர்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கே தம் ஆற்றலைச் செலவிட்டார். ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை இரண்டாம் முறையாகக் கொதித்துக்கொண்டிருந்த 1979-இல், மே 18-ஆம் நாள், 60 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது இயற்கை எய்தினார். தந்தையார் விட்டுச்சென்ற சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்வுக்கே இழந்தார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இன்றைய கணக்கு

நான் பிறந்த தோட்டமும் பின்னாளில் விற்கப்பட்டது. பால்மரங்கள் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியானது. நாங்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்தோம். தோட்டத்தில் அப்பாவின் வேலையிடம் நடந்து போகும் தூரம். புதிய வேலையோ ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலையில். போகவர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சரியான நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மோட்டார் சைக்கிள் இல்லாமல் பிழைக்க முடியாது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது, பெட்ரோலை நம்பி வாழும் வாழ்க்கைக்குள் எங்களை அறியாமலேயே நுழைந்துவிட்டோம்.

அதன் விலையை 2008 ஜூனில் உணர்ந்தோம். 2006 பிப்ரவரியில் லிட்டருக்கு 1.62 வெள்ளியிலிருந்து 1.92 ஆகியிருந்த பெட்ரோல், 2008 ஜூன் 5-இல் ஒரே இரவில் 2.70 ஆனது. வாரம் பத்து லிட்டர் ஊற்றினால் 7 வெள்ளி 80 காசு கூடுதல். கார் வைத்திருப்பவருக்கு அது சிறு தொகை. எங்கள் வீட்டில் அது மீன் வாங்கும் காசு.

அதன்பின் எத்தனையோ மாற்றங்கள். 2014 டிசம்பரில் பெட்ரோல் உதவித்தொகை நீக்கப்பட்டு, விலை உலகச் சந்தையோடு இணைக்கப்பட்டது. பின்னர் ரோன் 95 பெட்ரோலுக்கு 2.05 வெள்ளி என்ற உச்சவரம்பு வந்தது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 3.35 வெள்ளியானது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர்வரை 1.99 வெள்ளி, மற்றவர்களுக்கு 2.60 வெள்ளி என்ற திட்டம் நடப்புக்கு வந்தது. உதவித்தொகை ஏழைக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வலியைக் குறைக்கும் மருந்தேயன்றி நோயைத் தீர்க்கும் மருந்தன்று. பேருந்து இல்லாத தாமானுக்கு மலிவுப் பெட்ரோல் நிரந்தரத் தீர்வாகாது.

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள் சிலர். நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமிலேயே 2025-இல் புரோட்டோன் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது, பெருமைதான். ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாகிறது. பேராக்கின் மாஞ்சோங்கில் எரியும் நிலக்கரி கப்பலில் வருவது. மேலும், மோட்டார் சைக்கிளுக்கே தவணை கட்டும் குடும்பம் மின்சாரக் காரை எப்படி வாங்கும்?

இங்குதான் துன் அவர்களின் வாழ்வு நமக்கு வழிகாட்டுகிறது. அவர் உலகச் சந்தையை மாற்ற முயலவில்லை. அதன் அடி விழும் இடத்தில் நின்ற மக்களை ஒன்றுசேர்த்து, உரிமையாளர்களாக்க முயன்றார். இன்று தோட்டம் நம் கையில் இல்லை. ஆனால் தாமான்கள் உள்ளன, கூட்டுறவுச் சட்டம் உள்ளது, படித்த பிள்ளைகளாகிய நாம் உள்ளோம். தொழிற்சாலைக்குப் போகும் நாற்பது பேருக்கு ஒரு கூட்டுறவு வேன், தமிழ்ப்பள்ளிக் கூரையில் சூரிய மின்தகடு, ஊராட்சி மன்றத்திடம் பேருந்துத் தடத்துக்கான முறையான மனு என நாம் தொடங்கக்கூடியவை பல. பொறியியல் படிப்பவர் கணக்குப் போடலாம், சட்டம் படிப்பவர் மனு எழுதலாம், கணக்கியல் படிப்பவர் சங்கத்தின் புத்தகத்தைப் பார்க்கலாம்.

பத்து வெள்ளி இன்று ஐந்து லிட்டர் பெட்ரோல். அன்று அது ஒரு தோட்டத்தின் பங்கு. இன்று நம் கையிலுள்ள பத்து வெள்ளியை எதற்குப் பங்காக்கப் போகிறோம் என்பதை, அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அவரவர் தாமானில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.