கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா

கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கு கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம் நினைவிருக்கலாம். அதிலுள்ள இரண்டாவது பெயர் ஒரு பெண்மணியுடையது. அவருடைய சரித்திரத்தை நம் அங்கத்தினர்களுடன், குறிப்பாகப் பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுடன், பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சோபியா 1850 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தார். தகப்பனார் ராணுவ அதிகாரி. கிராமத்து வீட்டில் சுவருக்கு ஒட்டும் காகிதம் போதாமல் போகவே, குழந்தைகள் அறையில் பழைய கால்குலஸ் பாடக் குறிப்புகளை ஒட்டிவிட்டார்கள். சிறுமி சோபியா அந்தப் புரியாத குறியீடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அன்றைய ரஷ்யாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. தகப்பனாரோ கணவரோ சம்மதிக்காமல் வெளிநாடு செல்லவும் முடியாது. எனவே 1868ல், 18 வயதில், விளாடிமிர் கோவலெவ்ஸ்கி என்பவரைப் பெயரளவில் விவாகம் செய்துகொண்டார். நம் வீடுகளில் கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன காலம் உண்டு. இவருக்கோ படிப்பதற்காகவே ஒரு கல்யாணம்!

ஹைடல்பர்க்கில் படித்துவிட்டு 1870ல் பெர்லின் போனார். அங்கே வகுப்பில் உட்காரவும் பெண்களுக்கு அனுமதியில்லை. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தார். சோபியா அவற்றைப் போட்டுக் காட்டிய விதத்தைக் கண்டு, நான்கு வருஷம் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1874ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. நவீன காலத்தில் கணிதத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே.

அதற்குப் பின் வந்த வருஷங்கள்தான் என் மனத்தை மிகவும் உறுத்துகின்றன. தாய்நாடு திரும்பியவருக்குக் கிடைப்பதாக இருந்த வேலை, பெண்கள் பள்ளியின் கீழ் வகுப்புகளுக்குக் கணக்கு கற்பிப்பதுதான். பல வருஷங்கள் ஆராய்ச்சியை விட்டே விலகியிருந்தார். பெயரளவு விவாகம் உண்மையான இல்லறமாகி, 1878ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1883ல், பண நெருக்கடியில் சிக்கிய கணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவ்வேளையில் கை கொடுத்தவர், வையர்ஸ்ட்ராஸின் இன்னொரு மாணவரான மிட்டாக்-லெஃப்லர். அவர் முயற்சியால் 1884ல் ஸ்டாக்ஹோமில் ஐந்து வருஷத் தவணையில் பேராசிரியை பதவி கிடைத்தது. முதலில் ஜெர்மன் மொழியில் பாடம் நடத்தியவர், விரைவில் ஸ்வீடிஷ் கற்று அதிலேயே நடத்தினார். 1888ல், சுழலும் திடப்பொருளின் இயக்கம் பற்றிய கட்டுரைக்குப் பிரெஞ்சு அகாதமியின் போர்டின் பரிசு கிடைத்தது. கட்டுரையின் சிறப்பைக் கண்டு, 3,000 பிராங்க் பரிசை 5,000 ஆக உயர்த்தினார்கள். 1889ல் பதவி நிரந்தரமாயிற்று. 1891 பிப்ரவரி 10ஆம் தேதி, 41ஆம் வயதில், நிமோனியாவால் காலமானார்.

பட்டம் பெற்றபின் நிரந்தரப் பதவிக்குக் காத்திருந்தது 15 வருஷம். அதில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. திறமை இருந்தால் தானே முன்னுக்கு வரலாம் என்கிறோம். இவருக்கோ திறமையோடு ஒரு நல்ல குருவும், கதவைத் திறந்துவிட ஒரு நண்பரும் தேவைப்பட்டார்கள். நம் வீட்டில் கணக்கில் ஆர்வமுள்ள பெண் குழந்தை இருந்தால், அந்தக் கதவைத் திறப்பவர்கள் நாமாக இருப்போம்.