வானத்து மின்சாரமும் டெஸ்லாவும்

நிகோலா டெஸ்லா 1856-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, இப்போது குரோவேஷியா நாட்டில் இருக்கும் ஸ்மில்யன் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்று ராத்திரி ஒரே இடியும் மின்னலுமாம். அப்பா பாதிரியார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துவிடுவார். தன் மூளை அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் டெஸ்லா நம்பினார்.

1884-இல் அமெரிக்கா போனார். மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு 1888-இல் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை என்றால், ஒருத்தர் கண்டுபிடித்ததை அவரைக் கேட்காமல் வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் பத்திரம். மோட்டார் கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கு தோழிகளே, நான் சொல்ல வந்தது வேற.

1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலை ஊருக்குப் போனார். அங்கே இடி மின்னல் அதிகம். பெரிய கொட்டகை போட்டு, பல லட்சம் வோல்ட் உண்டாக்கி, மின்னலையே செய்து பார்த்தார். ஒருநாள் ஊர் மின்நிலையத்தில் ஜெனரேட்டர் எரிந்துபோய் ஊரே இருட்டாயிடுச்சு! மின்னல் அடிக்கும்போது பூமி வழியாகவும் மின் அலை ஓடுது, அப்படின்னா கம்பி இல்லாமலே மின்சாரம் அனுப்பலாம் என்பது அவர் நம்பிக்கை.

1901 நவம்பரில் இன்னொரு காப்புரிமை கிடைத்தது. எண் 685957. உயரத்தில் ஓர் உலோகத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி மின்தேக்கிக்கு (ஃபேனில் இருக்கும் கண்டன்சர்தான்). மின்தேக்கியின் மறுமுனை பூமியில். வெயிலும் மற்ற கதிர்களும் தகட்டில் பட்டு, மின்னூட்டம் சொட்டுச் சொட்டாகச் சேரும். இது மின்னலைப் பிடிக்கிற கருவி இல்லை. அதுவே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோணுது. ஒரு மின்னலில் சுமார் 100 கோடி ஜூல் இருக்கும். கரண்ட் பில் கணக்கில் 280 யூனிட்தான். அதிலும் பெரும்பங்கு வெப்பமாகவும் வெளிச்சமாகவும் சத்தமாகவும் கண் இமைக்கிறதுக்குள்ளே போயிடும். எங்கே விழும்னும் தெரியாது. அருவிக்கு அடியில் செம்பை நீட்டின மாதிரிதான்!

ஆனால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததும் ஒரு வீட்டுக்குக்கூட விளக்கேற்றப் போதவில்லை. அதே 1901-இல், மார்கன் என்ற பணக்காரர் தந்த 1,50,000 டாலரில் நியூயார்க் பக்கம் பெரிய கோபுரம் கட்ட ஆரம்பித்தார். அந்த டிசம்பரிலேயே மார்கோனி கடல் தாண்டிச் செய்தி அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. பாவம், கடனுக்காக 1917-இல் கோபுரத்தையே இடித்தார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே காப்புரிமை 17 வருஷம்தான் செல்லும். 1918-இல் தகட்டுப் பத்திரமும் முடிந்துபோச்சு. கடைசிக் காலத்தில் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு ஹோட்டலில் தனியாகவே இருந்தார். 1943 ஜனவரி 7 அன்று, நியூயார்க்கில் ஒரு ஹோட்டலின் 33-ஆவது மாடி அறையில் இறந்துபோனார்.