சிரிப்பின் ஆசான் மக்ஸ் லிண்டர்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அதன் அருகிலேயே அழுகையை வைத்தார் தொல்காப்பியர். உலகைச் சிரிக்கவைத்த கலைஞர் சிலரது வாழ்க்கையை நோக்குமிடத்து, இவ்விரண்டும் அண்டை வீட்டாரே என்பது புலனாகும். பேசாப்படக் காலத்துப் பெருங் கலைஞரான மக்ஸ் லிண்டரின் வரலாறு அத்தகையது.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, பொர்தோ நகருக்கு அண்மையிலுள்ள சென்லூபெஸ் என்னும் ஊரில் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கப்ரியேல் மக்ஸிமிலியன் லேவியேல். குடும்பத்தினர் திராட்சைத் தோட்டக்காரர். கொடிகளையும் மதுச்சாடிகளையும் காத்துக்கொண்டிருக்க மகனின் மனம் இசையவில்லை. பொர்தோவில் நடிப்புக்கலை பயின்று, நாடக மேடையேறி, பின்னர் பாரிசு நகரை அடைந்தார். 1905ஆம் ஆண்டில் பதே நிறுவனத்தின் படங்களில் தோன்றத் தொடங்கினார்.

அக்காலத்துச் சினிமாக் கோமாளிகள் பொருந்தா உடையும் பூசிய முகமுமாய் வந்து, விழுந்தும் எழுந்தும் துரத்தியும் ஓடியும் சிரிப்பூட்டினர். லிண்டரோ பட்டுத் தொப்பி, திருத்திய மீசை, கைத்தடி, வெண்கையுறை ஆகியவற்றோடு ஒரு கனவானாகவே தோன்றினார். இக்கனவானும் வழுக்கி விழுவான். ஆயினும் விழுந்ததை யாரும் காணவில்லை என்பதுபோலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்வான். வீழ்ச்சியினும் பார்க்க, வீழ்ச்சியை மறைக்க அவன் படும் பாடே மக்களை நகைக்கச் செய்தது. ஒரே பாத்திரத்தைப் படந்தோறும் தொடர்ந்து வளர்த்தெடுத்த அவருடைய புகழ், 1914ஆம் ஆண்டுக்கு முன்னரே ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பின்னாளில் சார்ளி சப்ளின் தம்மை அவருடைய மாணாக்கர் எனக் குறித்து ஒரு நிழற்படத்தை அன்பளிப்புச் செய்தார். சப்ளினின் நாடோடி, லிண்டரின் கனவானுக்குக் கந்தை உடுத்திப் பார்த்தவன் என்று கூறினும் பெரும் பிழையாகாது.

1914இல் மூண்ட உலகப்போர் அவர் வாழ்வை இரு கூறாக்கியது. படையில் சாரதியாகப் பணியாற்றியவர், உடல்நலம் குன்றியும் உள்ளம் சோர்ந்தும் திரும்பினார். அச்சோர்வு அவரை விட்டு முற்றாக நீங்கவேயில்லை. சப்ளின் விலகிச் சென்ற எஸ்ஸனே நிறுவனம், அவர் இடத்தை நிரப்பும் பொருட்டு 1916இல் லிண்டரை அமெரிக்காவுக்கு அழைத்தது. ஆசான் மாணாக்கனின் வெற்றிடத்தை நிரப்பச் சென்ற விந்தை அது. மூன்று படங்கள் வெளிவந்தன. எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. நோயுற்றவராய்த் தாய்நாடு மீண்டார்.

ஆயினும் அவர் மீண்டும் கடல் கடந்தார். இம்முறை தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்து மூன்று நெடும்படங்களை ஆக்கினார். 1921இல் வெளிவந்த ‘ஏழாண்டுத் துரதிட்டம்’ என்ற படத்தில், நிலைக்கண்ணாடி உடைந்ததை மறைக்க விரும்பும் வேலையாள் ஒருவன், வெறுஞ்சட்டத்தின் அப்பால் எசமானைப் போலவே உடுத்த ஒருவனை நிறுத்துகிறான். கண்ணாடியில் தெரிவது தம் உருவமா, பிறன் உருவமா என எசமான் மயங்கும் காட்சி, பின்வந்த நகைச்சுவைக் கலைஞர் பலருக்கு முன்மாதிரியாயிற்று.

மூன்றாவது படமே இங்கு சிறப்பாகக் கருதற்குரியது. அலெக்சாந்தர் டூமா 1844இல் எழுதிய ‘மூன்று படைவீரர்’ என்ற வீரசாகச நாவலை அறியாதார் அரியர். கஸ்கோனி நாட்டிலிருந்து பாரிசுக்கு வரும் தார்த்தஞான் என்ற இளைஞன், மூன்று வீரரின் நட்பைப் பெற்று, கர்தினால் ரிஷ்லியுவின் சூழ்ச்சியிலிருந்து அரசியின் மானத்தைக் காக்கும் கதை அது. 1921இல் டக்ளஸ் பெயர்பாங்ஸ் அதனைப் பெரும்படமாக்கி நடித்தார். மறு ஆண்டே லிண்டர் அதனைப் பகடி செய்தார். ஆங்கிலத் தலைப்பின் ஒலியைச் சற்றே திரித்து, ‘எப்படியும் அங்கே போய்ச் சேரவேண்டிய மூவர்’ என்று பொருள்படப் பெயரிட்டார். பிரெஞ்சு மொழியிலோ ‘மூன்று’ என்பதன் ஒலி ‘ஒடுங்கிய’ என்னும் சொல்லாக உருமாறியது. புகழ்மிக்க மூன்று வீரருக்கும் கடற்பிராணிகளின் பெயர்களே கிடைத்தன!

பதினேழாம் நூற்றாண்டு அரண்மனையில் தொலைபேசி ஒலிக்கிறது. குதிரை செல்லவேண்டிய வழியில் மோட்டார்ச் சைக்கிள் விரைகிறது. பகைவர் வட்டமாகச் சூழ்ந்து வாளோங்க, நாயகன் நடுவிலே குனிந்துவிடுகிறான். சூழ்ந்தவர் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கின்றனர். வெறுங்கூத்தென்று இதனைத் தள்ளிவிடல் ஆகாது. மூலக்கதையின் சந்தியும் திருப்பமும் குலையாமல் நிற்பதனாலேயே அதன்மீது ஏற்றிய கோணல்கள் நகை விளைக்கின்றன. மூலத்தை வெறுப்பவன் செய்வது வசை. மூலத்தை நேசிப்பவன் செய்வதே பகடி. பெயர்பாங்ஸ் லிண்டரின் நண்பர். அவர் பங்காளியாயிருந்த யுனைற்றட் ஆர்ட்டிஸ்ற்ஸின் துணை நிறுவனமே அப்படத்தை வெளியிட்டதெனின், அக்கேலியின் தூய்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அன்றியும், தென்மேற்கு மண்ணிலிருந்து புகழ் தேடிப் பாரிசுக்கு வந்த தார்த்தஞானின் வழியே லிண்டர் நடந்த வழியும் ஆகும். அவர் நகைத்தது ஓரளவு தம்மைத்தாமே.

அப்படமும் அமெரிக்காவில் அவர் வேண்டிய வெற்றியை ஈட்டித் தரவில்லை. பிரான்சுக்குத் திரும்பி 1923இல் மணம் புரிந்தார். மறு ஆண்டு மோட் என்ற பெண்மகவு பிறந்தது. உள்ளத்தின் நோயோ நாளும் முதிர்ந்தது. 1925ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் பாரிசு நகரில் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். இளம் மனைவியும் உடன் மாண்டார். அவருக்கு அப்பொழுது வயது 41. குழந்தைக்கு வயது ஒன்றரையும் நிரம்பவில்லை.

தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளவும் இயலாத அம்மகவு, தாய்வழிப் பாட்டியாரிடம் வளர்ந்தது. ஆளான பின்னரே தந்தையைத் திரையில் முதன்முறையாகக் கண்டது. உலகம் அவரை மறந்திருந்தது. படச்சுருள்கள் பல அழிந்திருந்தன. தம்மை அநாதையாக்கிய தந்தைமீது சினங்கொள்ள மோட் லிண்டருக்கு நியாயம் இருந்தது. ஆயினும் அவர் எஞ்சிய சுருள்களைத் தேடித் திரட்டும் பணியைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றார். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட மூன்று நெடும்படங்களிலிருந்தும் தொகுத்த படமொன்றை 1963இலும், தந்தையின் வாழ்வு பற்றிய விவரணப் படத்தை 1983இலும் வெளியிட்டார். 2017இல் அவர் மறையும்போது, மக்ஸ் லிண்டரின் பெயர் மீண்டும் திரைக்கலை வரலாற்றில் நிலைபெற்றிருந்தது.

தந்தையின் மடியை அறியாத மகள், அவர் நகைப்பை உலகுக்கு மீட்டுத் தந்தார். பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அக்கனவான் திரையில் நிமிரும்போது நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்பின் பின்னே ஒரு மகளின் நெடிய தேடல் இருக்கிறதென்பதை அறிந்து சிரித்தல் நன்று.