அட்டவணை தந்த அறிஞர் எட்கார் காட்



உங்கள் தோட்டத்தில் எத்தனை முனியம்மா? காலைப் பெரட்டில் கிராணியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் கை தூக்குவார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். நான் வாத்தியார் வேலைக்கு வந்த முதல் வருஷம், என் வகுப்பில் இரண்டு லெட்சுமி. தகப்பனார் பெயரும் ஒன்றே. ஒருத்தியின் கணக்குப் புள்ளியை மற்றவளின் கார்டில் எழுதிவிட்டேன். பரிசளிப்பு நாளன்று ஆள் மாறிப் போயிற்று. பரிசுக்கு உரிய பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு திருத்தினோம். ஆனால் மேடையேற வேண்டிய அந்த நாள் திரும்பி வருமா?

இப்படிப்பட்ட குழப்பம் கணினிக்குள் நேராதபடி காவல் வைத்த ஓர் அறிஞரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இளமையும் போரும்

எட்கார் காட் 1923 ஆகஸ்டு 19-ல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லண்டு தீவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தகப்பனார் தோல் தொழில் செய்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஆகாயப் படை விமானியாகப் பணியாற்றினார்.

1948-ல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டே ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தி பலரையும் கம்யூனிஸ்டு என்று குற்றம் சாட்டி அலைக்கழித்த காலம் அது. அந்த அநியாயம் பிடிக்காமல் 1953-ல் கனடா போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். 1965-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்புக்கு வயது ஏது?

அட்டவணையும் திறவுகோலும்

அந்நாளைய கணினியில் ஒரு விவரத்தைத் தேட, அது எங்கே, எதற்குப் பின்னால் இருக்கிறது என்ற வழி தெரிந்திருக்க வேண்டும். அடுக்கை மாற்றிவிட்டால் பழைய புரோகிராம் வழி தெரியாமல் திண்டாடும். காட் 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். விவரங்களையெல்லாம் நம் செக்ரோல் போல அட்டவணையாக எழுதலாம். வரிகள் முன்பின் மாறினாலும் பாதகமில்லை. வரியில் உள்ள விவரத்தைக் கொண்டே அந்த வரியைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கருத்து.

அதற்கு ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வேண்டுமல்லவா? அதுதான் முதன்மைத் திறவுகோல். அது இரண்டு வரிகளில் ஒன்றாக இருக்கக் கூடாது. காலியாகவும் இருக்கக் கூடாது. பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணை இன்னொருவருக்கும் எழுதப் பார்த்தால், அந்த வரியையே கணினி ஏற்காது. சில சமயம் ஒரே விவரம் போதாது. 3-ஆம் லயம் என்றால் பல வீடுகள். 5-ஆம் வீடு என்றால் எல்லா லயத்திலும் உண்டு. 3-ஆம் லயம், 5-ஆம் வீடு என்று இரண்டையும் சேர்த்தால் ஒரே ஒரு வீடுதான். திறவுகோலை இப்படிச் சேர்த்தும் செய்யலாம்.

முதன்மைத் திறவுகோலாக இல்லாத விவரத்திற்கும் இதே காவலைப் போடலாம். வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு பேருக்கு எழுதாதே என்று கட்டளையிட்டால் கணினி அதையும் காக்கும். புள்ளி, பரிசு போன்றவற்றுக்கு வேறு அட்டவணை இருந்தால், அங்கே மாணவரின் எண்ணை எழுதினால் போதும். அந்த எண்ணே ஆளைக் காட்டிவிடும்.

தளரா உள்ளம்

அவர் வேலை செய்த நிறுவனமே இதைச் சட்டென்று ஏற்கவில்லை. பழைய முறையில் நல்ல வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. காட் சோர்ந்துவிடவில்லை, எழுதினார், வாதாடினார். பின்னாளில் ஆரக்கிள் என்று பேர்பெற்ற நிறுவனம் 1979-ல் அவர் கருத்தைத் தழுவிய மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்து முந்திக்கொண்டது. கணினித் துறையின் தலையாய டூரிங் விருது 1981-ல் காட்டைத் தேடி வந்தது. 2003 ஏப்ரல் 18-ல், 79-ஆம் வயதில் அமெரிக்காவின் புளோரிடாவில் காலமானார்.

நமக்குரிய பாடம்

பெற்றோர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். எண் இரண்டு முறை வருகிறதா என்றுதான் திறவுகோல் பார்க்கும். அது உங்கள் பிள்ளையின் எண்தானா என்று அதற்குத் தெரியாது. பிறப்புப் பத்திரத்திலுள்ள 12 இலக்க எண்ணில் ஒன்றை மாற்றி எழுதிக் கொடுத்து, அது வேறு யாருடைய எண்ணோடும் மோதாவிட்டால், கணினி பேசாமல் வாங்கிக்கொள்ளும். பிள்ளையின் உதவித்தொகையும் பரீட்சை முடிவும் எங்கேயோ போய் நிற்கும். ஆகவே பாரம் நிரப்பும்போது பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாகச் சரி பாருங்கள். எழுத்து வராவிட்டால் கூச்சப்படாமல் எங்களிடம் வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

அந்த லெட்சுமிக்குப் பிறகு, எண்ணைப் பார்க்காமல் நான் ஒரு கார்டிலும் புள்ளி எழுதுவதில்லை. இன்று மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய பரிசைத் தானே பெறட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!