வாசற்படியில் நின்ற மகானும் அவரைக் கைவிடாத குருவும்

மொன்றியல் மாநகருக்கு வந்து சேர்ந்த எம்மவர் எவரும் முதலில் அறிந்துகொள்ளும் அடையாளங்களுள் ஒன்று, றோயல் மலைச் சரிவிலே பச்சை நிறக் கும்மட்டத்துடன் எழுந்து நிற்கும் புனித சூசையப்பர் ஆலயம். கோட்-டெ-நேஜ் பகுதியின் வாடகை வீடுகளிலே புதுவாழ்வைத் தொடங்கிய பலருக்கு அது சாளரத்துக்கு வெளியே தெரிந்த கோபுரம். சைவர்களாகிய நாமும் அந்த மலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர்களின் பிள்ளைகளல்லவா நாம்! வீதியிலிருந்து மேலே செல்லும் 283 படிகளில், நடுவிலுள்ள 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுவோருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நல்லூர் வீதியிலே பிரதட்டை பண்ணுவோரையும் அடியழிப்போரையும் கண்டு வளர்ந்த எமக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று.

இத்தனை பெரிய ஆலயத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் ஓர் ஆயரோ, செல்வந்தரோ அல்லர். தெருவுக்கு மறுபுறத்தில் உள்ள நோத்ர்-டாம் கல்லூரியிலே வாயிற்காவலராக இருந்த, எழுத வாசிக்க மிகச் சிறிதே தெரிந்த ஒரு மனிதர். அவர்தான் அருட்சகோதரர் அந்திரே. அவரது கதையைப் பலரும் அறிவர். ஆனால், ஒன்றுக்கும் உதவாதவன் என்று உலகம் ஒதுக்கிய அந்தப் பிள்ளையை இனங்கண்டு, பல ஆண்டுகள் பொறுமையோடு கைப்பிடித்து நடத்திய ஒரு கிராமத்துக் குருவானவரைப் பற்றி அறிந்தவர் சிலரே. அவ்விருவரையும் நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொன்றியலுக்குத் தென்கிழக்கே உள்ள மொன்-சென்-கிறெகுவார் என்னும் ஊரில், 1845ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் திகதி அல்பிரெட் பெசெற் பிறந்தார். பிறந்தபோதே உயிர் தங்குமோ என்ற ஐயம். எனவே அன்றைய தினமே வீட்டில் அவசரமாகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். தகப்பனார் ஐசாக் தச்சுவேலையும் மரம் வெட்டும் வேலையும் செய்தவர். தாயார் குளோதில்ட். பிள்ளைகளோ பலர், வறுமையோ அதனிலும் பெரிது. பிழைப்பைத் தேடி, அல்பிரெட்டுக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் பார்ணம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

1855இல் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த தகப்பனார் மீது மரம் சரிந்து விழுந்து அவர் இறந்தார். அப்போது அல்பிரெட்டுக்கு வயது ஒன்பது. தனித்து நின்ற தாயாரையும் காசநோய் பற்றிக்கொண்டது. பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய நிலை வந்தது. எல்லாரிலும் பலவீனனான அல்பிரெட்டை மாத்திரம் தம்மோடு வைத்துக்கொண்டு, சென்-செசேரில் இருந்த தமது சகோதரியின் வீட்டில் தாயார் அடைக்கலம் புகுந்தார். 1857இல் அவரும் கண்மூடினார். பன்னிரண்டு வயதில் தாயும் தந்தையும் அற்ற பிள்ளையானார் அல்பிரெட்.

சிறிய தாயார் றோசலியின் கணவர் திமொத்தே நடோ கெட்டவர் அல்லர். உழைத்தால்தான் சோறு என்ற உலகத்தைக் கண்ட மனிதர். பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் தமது கடமை தீரும் என்று எண்ணினார். அல்பிரெட்டோ வயிற்று நோயால் கடின உணவு உண்ண இயலாதவர். வயதுக்கேற்ற வளர்த்தியும் இல்லாதவர். சப்பாத்துத் தைக்கும் இடத்தில் விட்டார்கள். பேக்கரியில் விட்டார்கள். கொல்லன் பட்டறையில் விட்டார்கள். ஒன்றிலும் நிலைக்கவில்லை. பாடசாலைப் படிப்போ முன்னமே தடைப்பட்டுப் போயிற்று. படிப்பும் வராது, தொழிலும் வராது என்று ஒரு பிள்ளையைப் பற்றி ஊர் முடிவு கட்டிவிட்டால், அந்தப் பிள்ளை தன்னைப் பற்றியும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிடும். இது எந்த ஊருக்கும் பொதுவான நியதி.

அந்த வேளையில்தான் சென்-செசேர் பங்குத்தந்தையாக இருந்த அந்திரே புரொவன்சால் அடிகளாரின் பார்வை இவர் மீது விழுந்தது. ஞானோபதேச வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் அல்பிரெட்டும் ஒருவர். முதல் நன்மைக்கு அவரை ஆயத்தப்படுத்தியவர் இவ்வடிகளார். புத்தகத்தை வாசிக்கத் தடுமாறிய அந்தப் பிள்ளை, செபத்திலே மாத்திரம் தடுமாறவில்லை. தாய் மடியிலே வாய்ப்பாடமாகக் கற்றது நெஞ்சில் ஊன்றி நின்றது. பிறர் கண்ணுக்குப் பட்டது அவருடைய இயலாமை. இந்த ஆசிரியரின் கண்ணுக்குப் பட்டது அவருக்கு இயன்ற அந்த ஒன்று. ஞானப்பாடத்தோடு வழிகாட்டுதலையும் அவர் கொடுத்து வந்தார்.

எனினும் வயிற்றுப்பாடு விட்டபாடில்லை. வளர்ந்து இளைஞரானதும், 1863ஆம் ஆண்டளவில், அக்காலத்துக் கியூபெக் இளைஞர் ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனார். நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்தார். தெரியாத தேசம், தெரியாத பாஷை, தாங்காத உடம்பு. இதனை நாம் விவரிக்க வேண்டியதில்லை. வாசிப்போரில் பலர் அனுபவித்தே அறிவர். கொஞ்சம் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். 1867இல் கனடாக் கூட்டாட்சி உருவான காலத்தில் அவர் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவரைப் புரொவன்சால் அடிகளார் மறந்திருக்கவில்லை. இருபது வயது கடந்தும் கையில் தொழிலில்லாத ஒருவரைத் தோல்வியின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அவரோ, இவருக்குரிய இடம் எது என்று சிந்தித்தார். திருச்சிலுவைச் சபையின் அருட்சகோதரர்கள் பாடசாலைகளை நடத்துபவர்கள். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட சபைக்கு, வாசிக்கத் தெரியாத ஒருவரை அனுப்புவதா? அனுப்பினார். தாம் அனுப்புகின்றவர் ஒரு புனிதர் என்ற பொருள்பட அச்சபையின் மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினார். 25 வயதான ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி இவ்வாறு எழுத எத்துணை துணிவு வேண்டும்!

1870 நவம்பரில் அல்பிரெட் கோட்-டெ-நேஜுக்கு வந்து சபையிற் சேர்ந்தார். டிசம்பரில் துறவு உடை பெற்றபோது, தமது குருவுக்கு நன்றிக்கடனாக அந்திரே என்ற அவரது பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார்.

ஆயினும் சோதனை முடியவில்லை. நோயாளி ஒருவரைச் சபையில் வைத்திருந்து என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. 1872இன் தொடக்கத்தில் அவருக்கு வார்த்தைப்பாடு கொடுக்கத் தயங்கினார்கள். மொன்றியல் ஆயர் இன்யாஸ் பூர்ஜே கல்லூரிக்கு வந்திருந்த சமயம், அந்திரே அவர் காலடியில் முழந்தாளிட்டுத் தம்மை அனுப்பிவிடாதிருக்கும்படி மன்றாடினார். ஆயர் ஆறுதல் கூறினார். நவசந்நியாசிகளின் குருவாக இருந்த கீ அடிகளாரும், இவர் வேலை செய்ய இயலாது போனாலும் செபிக்கவாவது அறிவார் என்று பரிந்து பேசினார். அவ்வாண்டு ஆகஸ்டில் முதல் வார்த்தைப்பாடும், 1874இல் நித்திய வார்த்தைப்பாடும் கிடைத்தன. கைவிடாத ஒருவர் முதலில் இருந்தால், பின்னர் இரண்டாமவரும் மூன்றாமவரும் வந்து சேருகின்றனர்.

அவருக்குக் கிடைத்த உத்தியோகம் வாயிற்காவல். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தக் கல்லூரி வாசலில் இருந்தார். சபையிற் சேர்ந்தபோது தமக்கு வாசலைக் காட்டினார்கள், அங்கேயே தங்கிவிட்டேன் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லுவாராம். கதவைத் திறப்பதோடு, நிலம் கழுவுதல், விளக்குத் துடைத்தல், விறகு சுமத்தல், கடிதம் எடுத்து வருதல், மாணவருக்குத் தலைமயிர் வெட்டுதல் யாவும் அவர் பொறுப்பு. எம் சமயத்திலே அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதியைத் துப்புரவு செய்தார். திருக்கயிலாயத்தின் வாயிலைக் காப்பவர் நந்திதேவர். வாசலில் நிற்பதும் கூட்டுவதும் தாழ்ந்த தொண்டு என்று சைவர்களாகிய நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம்.

வாசலுக்கு வந்தவர்களுடைய துன்பத்தை அவர் காதுகொடுத்துக் கேட்டார். சூசையப்பரை மன்றாடும்படி சொல்லி, அவர் சிலைக்கு முன் எரிந்த விளக்கின் எண்ணெயை நோயாளருக்குக் கொடுத்தார். சுகம் பெற்றோம் என்று பலர் சொன்னார்கள். தமக்கு எச்சக்தியும் இல்லை, எல்லாம் சூசையப்பரின் அருள் என்பதே அவரது மாறாத பதில். நோயாளர் கூட்டம் பெருகவே பெற்றோர் சிலரும் வைத்தியர் சிலரும் எதிர்த்தனர். அதனால் கல்லூரிக்கு எதிரேயிருந்த டிராம் தரிப்பிடத்தில் அவர்களைச் சந்திக்கும்படி ஒழுங்கு செய்யப்பட்டது. அவர் அதற்கும் முகம் கோணவில்லை.

எதிரே தெரிந்த மலையிலே சூசையப்பருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. கல்லூரி அந்தக் காணியை 1896இல் வாங்கியது. தலைமயிர் வெட்டுவதற்கு ஐந்து சதம் வீதம் வாங்கிச் சேர்த்ததும், அன்பர் இட்ட காணிக்கையும் சேர்ந்து ஏறக்குறைய 200 டொலர் ஆயிற்று. கணக்கெழுதுவது எமது தொழிலாதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுவதையும் தலைமயிர் வெட்டியே சேர்ப்பதானால் 4,000 தலைகள் வேண்டும்! 1904 அக்டோபரில் 15 அடிக்கு 18 அடி அளவான சிறு மரக்கோயில் திறக்கப்பட்டது. 1917இல் அடிநிலை ஆலயமும், 1924இல் பேராலயத் திருப்பணியும் வந்தன. பொருளாதார மந்தத்தால் 1931இல் வேலை நின்றுபோனது. கூரையில்லாத கட்டடத்தினுள்ளே சூசையப்பர் சிலையை வைத்துவிடுங்கள், தமக்குக் கூரை வேண்டுமானால் அவரே பார்த்துக்கொள்வார் என்பது முதியவரின் யோசனை. 1936இல் அவ்வாறே செய்தார்கள். மறு ஆண்டு வேலை மீண்டும் தொடங்கியது. ஆலயம் 1967இல் நிறைவெய்தியது.

அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1937 ஜனவரி 6ஆம் திகதி, தமது 91ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். கடுங்குளிரையும் பொருட்படுத்தாது பத்து இலட்சம் பேர் வரையில் வந்து அஞ்சலி செலுத்தினர் என்பர். 2010 அக்டோபர் 17ஆம் திகதி றோமாபுரியில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் அவரைப் புனிதராக அறிவித்தார். கிராமத்துக் குருவானவர் கடிதத்தில் எழுதியதைத் திருச்சபை உறுதிசெய்ய 140 ஆண்டுகள் சென்றன.

இந்தச் சரித்திரத்தை எமது கோயில் மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. நாம் இந்நகருக்கு வந்த புதிதில், எமது உறவுக்குள்ளே எட்டு வயதுப் பையன் ஒருவன் வரவேற்பு வகுப்பிலே சேர்க்கப்பட்டான். மாதக்கணக்கில் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மந்தமான பிள்ளை என்று அறிக்கை வந்தது. அதை வாசித்த நாம் செய்தது என்ன? அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைச் சொல்லிச் சொல்லி அவனை ஏசினோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறு ஆண்டு வந்த ஆசிரியை அவனிடம் பேசும்படி கேட்கவேயில்லை. காலையில் எல்லாருடைய கொப்பிகளையும் பகிர்ந்து கொடுக்கும் வேலையை மட்டும் கொடுத்தார். கொப்பி கொடுக்க வேண்டுமானால் பெயரை வாசிக்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மாரிகாலம் முடியும் முன்னே அந்தப் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டான். அவன் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவில்லை. இன்று தச்சுவேலை செய்கிறான். நேர்த்தியான வேலைக்காரன்; தாய் தகப்பனைப் பார்க்கிறான். இதைக் குறையென்று கருதுவோமாயின் குறை எம்மிடத்திலேதான்.

எமது சமூகத்தில் படிப்புக்குக் கொடுக்கும் மதிப்பு நல்லதே. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எமக்கு அது ஒன்றே எவராலும் பறிக்க முடியாத முதல். ஆனால் புள்ளிகளால் மாத்திரம் பிள்ளையை அளந்தால், எத்தனை அல்பிரெட்டுகளை நாம் தவறவிடுவோம்! ஒவ்வொரு பிள்ளையிடமும் இயலாதவை பத்து இருக்கும். இயன்றது ஒன்றும் இருக்கும். அந்த ஒன்றைக் காண்பவரே ஆசிரியர். அதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. பெற்றோரும், மாமன் மாமியும், கோயிலிலே தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களும் அவ்வாறு ஆகலாம்.

அடுத்த முறை குயீன் மேரி வீதியால் போகும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பச்சைக் கும்மட்டத்தைக் காட்டி, அந்திரே என்ற பெயர் முதலில் யாருடையது என்பதையும் சொல்லுங்கள். புரொவன்சால் அடிகளாருக்கு அந்த மலையிலே கோபுரம் இல்லை. எனினும் அங்கே ஏறுகின்ற ஒவ்வொருவரும், அறியாமலே அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லித்தான் மன்றாடுகின்றனர். தட்சிணாமூர்த்தியாய்க் கல்லாலின் கீழ் இருந்து மௌனத்தாலே உபதேசித்த பெருமான், எம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு குருவை அருளுவாராக.